பதினொரு நிமிடம்

பதினான்காம் இயந்திரத்துக்கு
மூச்சு மெதுவாகத்தான் அடங்கும்.
கையேட்டில் நான்கு நிமிடம் என்று போட்டிருக்கிறது.
நான்கில் பம்பை முடுக்கினால்
ஓரத்தில் எங்கோ ஒட்டியிருக்கும் துகள் கிளம்பி
வேஃபர்மேல் இறங்கும்.
பதினொன்று வேண்டும்.
இது எனக்குத் தெரியும்.
எனக்கு மட்டும் தெரியும்.

உட்லண்ட்ஸ், இரவு ஷிஃப்ட்.
உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடுப்பு,
கண் மட்டும் வெளியே.
பக்கத்தில் நிற்பவரின் மோவாய் எப்படியிருக்கும் என்பதைக்
கேன்டீனில்தான் தெரிந்துகொள்கிறோம்.
தணிகைவேல் என்ற பெயர்
இவர்கள் வாய்க்கு நீளம்.
'தனி' என்கிறார்கள்,
அர்த்தம் தெரியாமல்தான்.

மேலிடம் ஒரு திட்டம் கொண்டுவந்தது.
அறிந்ததைக் கணினியில் பதிந்தால்
குறிப்புக்குப் பத்து வெள்ளிப் பற்றுச்சீட்டு.
மூன்று மாதத்தில் வந்தவை நான்கு.
அதில் ஒன்று,
கையுறைப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது என்பது.
எழுதியது நான்தான். அரிசி வாங்கினேன்.

கொடுத்தால் குறையாதாம் அறிவு.
சொன்னவரின் அனுமதி அட்டையில்
முடிவுத் தேதி இருந்திருக்காது.
எனக்கு நவம்பர்.
பதினொரு நிமிடத்தைப் பத்து வெள்ளிக்கு விற்றுவிட்டால்
டிசம்பரில் என்னை எதற்கு வைத்திருப்பார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழுக்குப் பத்து நிமிடம்,
பணி கைமாற்றும் அறை.
நோர்ஹயாத்தி கையைத் தூக்கினாள்.
யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.
"ராத்திரி பதினாலுல இருபத்தஞ்சு போச்சு.
மெஷின் மேல தப்பில்ல, நான்தான்.
எங்க தப்புப் பண்ணேன்னு எனக்கே புரியல."

ஒரு பெட்டி முழுக்க.
குளிர்சாதனம் மட்டும் இரைந்தது.
நாங்கள் பெக் சூவின் பேனாவைப் பார்த்தோம்.
சிவப்புப் படிவம் எப்போதும் அவள் மேசையில் இருக்கும்.
அவள் பேனாவை மூடினாள்.
"எவ்வளவு நேரம் காத்திருந்தே?"
"நாலு. புக்ல இருக்கிற மாதிரி."
"நானா இருந்தாலும் நாலுதான்.
எனக்கும் தெரியல.
யாருக்காவது தெரியுமா?"

பதினாறு வருட சர்வீஸ் 'தெரியல' என்று சொல்லி
இந்தக் கட்டடத்தில் நான் கேட்டதே இல்லை.

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.
ஷூவின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனிப் பேருந்தில் மார்சிலிங் வரை
அவளுக்கு இரண்டு வரிசை பின்னால்.
ஜன்னலில் தலை சாய்த்திருந்தாள், தூங்கவில்லை.
அந்த இருபத்தைந்தில்
எத்தனை அவளுடையது, எத்தனை என்னுடையது என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
வகுபடவில்லை.

மேம்பாலப் படியில்,
"பதினொன்று" என்றேன்.
"எது?"
"நிமிஷம்."
இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று
அவள் கேட்டிருக்கலாம்.
"பத்து போதாதா?" என்று மட்டும் கேட்டாள்.
போதாது. பத்தில் நானே ஏழு வேஃபரைக் கெடுத்திருக்கிறேன்,
யாரிடமும் சொன்னதில்லை.
அதையும் சொல்லிவிட்டேன்.
கீழே ஒரு லாரி போய் முடியும்வரை
இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் இரவு பதினான்கின் நெற்றியில்
நீல நாடா ஒட்டியிருந்தது.
நோர்ஹயாத்தியின் கோணல் எழுத்து:
11 நிமிடம். ஏன் என்று தனியைக் கேள்.

கேட்டார்கள்.
மரிசெல் கேட்டுவிட்டு, போகிற போக்கில்,
ஒன்பதின் கதவை
முழங்காலால் ஒரு நூல் தூக்கித் திறக்கணும் என்றாள்.
மூன்று வருடமாக நான்
ஸ்பானரோடு மல்லுக்கட்டிய கதவு.

நவம்பர் இன்னும் வரவில்லை.
இருபத்திரண்டைப் பற்றி
இன்னும் ஒன்று என் கைவசம் இருக்கிறது.
போன வாரம் பெக் சூ அதன் முன்னால் நின்று
"இது ஏன் இப்படி?" என்று
என்னைப் பார்க்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி
கேட்டாள்.
நான் கையுறையைச் சரிசெய்துகொண்டேன்.
இடது கை. பிறகு வலது.